ஜப்பானிய வாளின் ட்சுபாவில் சமதளப் பதிப்பு: செம்புத் தகடு முதல் நிறமேற்றம் வரை முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய வாளில் அலகும் கைப்பிடியும் சந்திக்கும் இடத்தில் கையைக் காக்கும் தட்டையான உலோக வட்டுக்கு ட்சுபா என்று பெயர். அந்த வட்டில் வேற்று உலோகங்களைப் பதித்து, மேற்பரப்பை ஒரே மட்டமாக்கி, கடைசியில் சூடான கரைசலில் நிறமேற்றும் ஹிரா-ஸோகான் என்னும் சமதளப் பதிப்பு முறையை மட்டுமே இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. இரும்பின் மேல் துணி நெசவு போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி அதில் தங்கத் தகட்டை அடித்துப் பிடிக்கவைக்கும் நுனோமே முறை ஜப்பானின் குமமோட்டோவின் ஹிகோ வேலைப்பாடுகளில் பெரிதும் காணப்படுவது. அதற்குக் கருவிகளும் வேறு, வரிசையும் வேறு. எனவே அது இங்கே இடம்பெறவில்லை.

பதிக்கும் கட்டத்தில் நேர்ந்த குறை அப்போதே கண்ணில் படுவதில்லை என்பதுதான் இந்த வேலையில் புதியவர்களைத் தடுமாற வைக்கும் முதல் காரணம். செம்பும் வெள்ளியும் பளபளப்பாக இருக்கும்வரை அவற்றுக்கு இடையிலுள்ள மயிரிழை இடைவெளி மறைந்தே நிற்கும். நிறமேறிய பிறகு அது கறுத்த கோடாக வெளிப்படும். அதனால் ஒவ்வொரு படியின் இறுதியிலும் செய்ய வேண்டிய சோதனையைச் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். சோதனையில் தேறாத வேலையை அடுத்த படிக்குக் கொண்டுபோகக் கூடாது.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை: பழைய ட்சுபா எதையும் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். பழம்பொருளின் மேலுள்ள நிறப்படலம் ஒருமுறை சுரண்டப்பட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர இயலாது.

1. வடிவமும் திசையும்

பயிற்சிக்கு 75 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள செம்பு வட்டு போதும். கருவாக, ஜப்பானின் முசாஷினோ சமவெளியின் இலையுதிர்கால நிலவையும் சுசுகி என்னும் புல்லையும் எடுத்துக்கொள்வோம். இது வாள் அணிகளில் பலமுறை கையாளப்பட்ட பழைய கரு. கற்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: நிலா பரப்புப் பதிப்பு, புல்லின் தாள்கள் கம்பிப் பதிப்பு, இரண்டையும் ஒரே வட்டில் பழகிவிடலாம்.

கட்டானா வாள் இடைக்கச்சையில் வெட்டுவாய் மேல்நோக்கி இருக்குமாறு செருகப்படுவது. ஆகவே ட்சுபாவின் நடுவில் அலகின் அடித்தண்டு நுழையும் நாகாகோ துளையின் குறுகிய முனை மேலே வருமாறு வைத்துத்தான் வரைய வேண்டும். கைப்பிடியை நோக்கிய பக்கமே முகப்பு. வாளை இடையில் அணிந்திருக்கும்போது எதிரில் நிற்பவருக்குத் தெரிவது அந்தப் பக்கம்தான். இதைக் கவனிக்காமல் துளையின் அகன்ற பக்கத்தை மேலே வைத்து வரைந்து, நிலவைப் புல்லின் வேருக்குக் கீழே தொங்கவிட்டவர்கள் பலர்.

நாகாகோ துளையைச் சுற்றியுள்ள நீள்வட்டப் பகுதி செப்பா-தாய் எனப்படும். செப்பா என்னும் மெல்லிய வளையத் தகடு அதன்மேல் அமர்ந்து அழுத்துவதால் அங்கே பதிப்பு எதுவும் வரக்கூடாது. முகப்பில் துளைக்கு இடப்புறம் கோசுகா என்னும் சிறு கத்திக்கும், வலப்புறம் கோகாய் என்னும் ஊசிபோன்ற கருவிக்கும் வழிவிடும் துளைகள் வரலாம். பயிற்சித் தகட்டில் அவற்றை விட்டுவிடலாம். வைப்பதாக இருந்தால் வரைபடத்திலேயே அவற்றின் எல்லையைக் குறித்துவிட வேண்டும். பதித்து முடித்த புல்லின் குறுக்கே துளை போட நேர்ந்தால் கம்பியின் முனை பிடிப்பிழந்து எழும்.

2. உலோகங்கள்

அடித்தகட்டுக்குத் தூய செம்பு, நிலவுக்குத் தூய வெள்ளி, புல்லுக்குத் தங்கக் கம்பி, இரண்டொரு இலைக்கு ஷாகுடோ. இவ்வளவுதான் தேவை.

ஷாகுடோ என்பது செம்பில் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடு தங்கம் சேர்த்த கலவை. மெருகிட்ட நிலையில் அதைச் செம்பிலிருந்து பிரித்தறிவது கடினம். நிறமேற்றும் கரைசலில்தான் அது நீலம் கலந்த கருமை அடைகிறது. ஷிபுஇச்சி என்பது செம்பும் வெள்ளியும் கலந்தது. நான்கில் ஒரு பங்கு வெள்ளி என்பது அதன் பெயர்க்கணக்கு, நடைமுறையில் அதைவிடக் குறைத்தும் கூட்டியும் உருக்குவார்கள். அது சாம்பல் நிறம் தரும். தொடக்கத்தில் ஷிபுஇச்சியை அடித்தகடாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது செம்பைவிடக் கடினம். பழுக்கக் காய்ச்சிய சூட்டோடு நீரில் போட்டால் வெடிக்கும் இயல்பும் உண்டு.

நகைக் கடையில் கிடைக்கும் வெள்ளியிலும் தங்கத்திலும் செம்பு கலந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. 92.5 விழுக்காட்டு வெள்ளி கரைசலில் மங்கிச் சாம்பல் பூக்கும். தூய வெள்ளியே நிலவின் வெண்மையைத் தக்கவைக்கும். அதோடு தூய வெள்ளி மென்மையானது, சுத்தியல் அடிக்கு எளிதில் பரவிக் குழியின் ஓரங்களை நிரப்பும். தங்கத்துக்கும் இதுவே பொருந்தும்: 22 காரட் வேலை செய்யும், 24 காரட் இன்னும் நன்றாக அமரும். செலவைக் கருதிப் பித்தளைக் கம்பியால் பழகுவோர் உண்டு. பதிக்கும் கைவரிசைக்கு அது போதும். ஆனால் பித்தளை கரைசலில் பழுப்பேறி மங்கும், தங்கத்தின் நிறத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

3. உளிகளும் அவற்றின் கூரும்

தேவையான உளிகள் நான்கு வகை: கோடு வெட்டும் கூர்முனை உளி, குழியின் தரையைச் சுரண்டி மட்டமாக்கும் தட்டை உளி, சுவரின் அடியைச் சாய்வாகக் குடையும் மெல்லிய உளி, முனை மழுங்கி மெருகிட்ட தட்டுமுளை. ஜப்பானியப் பட்டறைகளில் தாகனே எனப்படும் இவற்றை ஒவ்வொரு வேலைக்காரரும் தம் கைக்கு ஏற்றபடி தாமே செய்துகொள்வது வழக்கம். கருவி எஃகுத் தண்டை அரத்தால் வடிவாக்கி, சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்து, பிறகு முனை வைக்கோல் மஞ்சள் நிறம் அடையும்வரை மெல்லச் சூடாக்கி ஆறவிட வேண்டும். தோய்ச்சலோடு நிறுத்தினால் முனை உடையும். சூடு மிகுந்து நீலம் பாய்ந்துவிட்டால் முனை மழுங்கும்.

வேலை தொடங்குமுன் எல்லா உளிகளையும் தீட்டிவிட வேண்டும். சாணையில் பிடித்ததோடு நில்லாமல், நுண்ணிய தீட்டுக்கல்லில் தேய்த்து வெட்டுமுகத்தில் கீறல் இல்லாதவாறு செய்வது அவசியம். ஏனெனில் உளிமுகத்தின் கீறல் அப்படியே பள்ளத்தின் சுவரில் பதியும். சொரசொரப்பான சுவரோடு பதிப்பு உலோகம் நெருங்கிப் பொருந்தாது. கூரைச் சோதிக்க, உளிமுனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் எடையின்றிச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். அது வழுக்காமல் நகத்தைப் பற்றி நின்றால் கூர் சரி.

இவற்றோடு எடை குறைந்த சுத்தியல், நுண்பல் அரங்கள், சாமணம், வெட்டும்போது உளிமுனையைத் தொட்டுக்கொள்ள எண்ணெயில் நனைத்த பஞ்சு, பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒளிவீசும் ஒரு விளக்கு ஆகியவை வேண்டும். நேர் மேலிருந்து விழும் ஒளியில் பள்ளத்தின் ஆழம் தெரியாது.

4. அடித்தகட்டை ஆயத்தம் செய்தல்

செம்பு வட்டை மங்கிய சிவப்பு எட்டும்வரை காய்ச்சி நீரில் அமிழ்த்தி மென்மையாக்கவும். மரக்கட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டி மட்டமாக்கிய பிறகு, முகப்பை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துச் சமமாக்கவும். மெருகு இப்போது வேண்டியதில்லை. ஆனால் குழி விழுந்த இடம் எதுவும் இருக்கக் கூடாது. பதித்த பிறகு அந்தக் குழியை நீக்க முழுப் பரப்பையும் தேய்க்க நேரும், அப்போது பதிப்பின் தடிமனும் சேர்ந்து குறையும்.

நாகாகோ துளையை இப்போது அளவுக்குச் சற்றுச் சிறிதாகவே திறக்க வேண்டும். பதிக்கும்போது விழும் அடிகளால் செம்பு சிறிது பரவும். முன்கூட்டியே சரியான அளவுக்குத் திறந்த துளையின் வடிவம் அதனால் கோணலாகிவிடும். விளிம்பையும் இதே காரணத்துக்காக முடிக்காமல் விட்டுவைக்கவும்.

வட்டில் பற்றாசு (உலோகங்களை உருக்கி ஒட்டும் பொருள்) வைக்கும் வேலை ஏதேனும் இருந்தால் அதுவும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். செம்பும் வெள்ளியும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் 779 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். தனித்தனியாக இரண்டுமே அந்தச் சூட்டைத் தாங்கும் என்பதால் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். பதிப்பு முடிந்த தகட்டை நெருப்பருகே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

5. வரைபடத்தை மாற்றுதலும் பிசினில் இருத்துதலும்

வரைபடத்தை மெல்லிய தாளில் வரைந்து பசையால் தகட்டில் ஒட்டி, எஃகு ஊசியால் கோடுகளின் மேல் கீறி, தாளை நனைத்து நீக்கவும். நிலவின் எல்லையை மட்டும் இப்போது கீற வேண்டாம். அதன் நடுப்புள்ளியைக் குறித்தால் போதும். காரணம் அடுத்த படியில் வரும்.

தகட்டை அசையாமல் பிடிக்கப் பைன் பிசின், நுண்ணிய களிமண் தூள், சிறிது தாவர எண்ணெய் கலந்த மெழுகுபோன்ற கலவையை மரக்கட்டையின் மேல் பரப்பிப் பயன்படுத்துவர். நம் பொற்கொல்லர் பட்டறைகளின் அரக்குக் கலவையும் இதற்கு உதவும். கலவையை மென்சூட்டில் இளக்கித் தகட்டின் அடிப்பகுதி முழுவதும் அதைத் தொடுமாறு அழுத்தவும். அடியில் காற்றுக்குமிழ் சிக்கினால் அந்த இடத்தில் உளி அடி மந்தமாகும். அடியின் விசை வெட்டில் செல்லாமல் தகட்டை வளைப்பதில் போகும். ஆறிய பின் சுத்தியலால் அங்கங்கே மெல்லத் தட்டிக் கேளுங்கள். ஓட்டையான ஒலி வந்தால் மீண்டும் இளக்கி இருத்தவும்.

6. நிலவைப் பதித்தல்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். முழு வேலையின் தரமும் இங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் வெட்ட வேண்டியது வெள்ளி வட்டு, குழி அன்று. குழியை முதலில் வெட்டி அதற்கேற்ப வெள்ளியை அரம்போடுவோர், ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் தேய்த்துவிட்டுக் கடைசியில் இடைவெளியோடு நிற்பார்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வெள்ளித் தகட்டிலிருந்து வட்டை அறுத்து, அதன் பக்கச்சுவரை அரத்தால் சற்றே சாய்க்கவும். மேல்முகம் மயிரளவு சிறிதாகவும் அடிமுகம் பெரிதாகவும் இருக்க வேண்டும். இந்தச் சாய்வின் மேல்தான் செம்பின் உதடு வந்து கவியும். கனசாவா நகரின் காகா ஸோகான் என்னும் பதிப்பு வேலைப் பட்டறைகளிலும் பதிப்பைப் பிடித்துநிறுத்துவது இதே சாய்வுதான்.

வெள்ளியை மென்மையாக்கி, அடிமுகம் கீழே இருக்குமாறு தகட்டில் வைத்து, ஊசியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக் கீறவும். வட்டு முழுமையான வட்டமாக இருக்காது என்பதால், வட்டின் ஓரிடத்திலும் தகட்டில் அதற்கு நேரான இடத்திலும் ஒரு சிறு அடையாளம் இட்டுக்கொள்வது அவசியம். இல்லையென்றால் திரும்ப வைக்கும்போது எந்தப் பக்கம் எங்கே பொருந்தும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

கீறிய கோட்டின் உட்பக்கமாகக் கூர்முனை உளியால் வெட்டிச் சுற்றிவந்து, பிறகு தட்டை உளியால் நடுப்பகுதியைச் சுரண்டி எடுக்கவும். ஆழம் 0.7 மில்லிமீட்டர் அளவில் நின்றால் வெள்ளி 0.3 மில்லிமீட்டர் வெளியே துருத்தி நிற்கும். அடிக்கும்போது பக்கவாட்டில் பரவுவதற்கான உலோகம் அதுதான். உளியை மிகவும் நிமிர்த்தினால் அது செம்பில் குத்தி நிற்கும், மிகவும் படுக்கவைத்தால் வழுக்கும். சரியான சாய்வில் சில்லு சுருண்டு வருவதைக் காணலாம். குழியின் தரை முழுவதும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று பக்கவாட்டு ஒளியில் பார்க்கவும். நடுவில் மேடு இருந்தால் வெள்ளி அதன்மேல் ஊஞ்சலாடும்.

அடுத்தது குடைதல். மெல்லிய உளியைச் சாய்த்துப் பிடித்து, சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் வெளிநோக்கி வெட்டி, குழியின் அடிப்பகுதி வாயைவிட அகலமாகுமாறு சுற்றிலும் செய்ய வேண்டும். இதைச் செய்யும்போது சுவரின் மேல் விளிம்பு சிறிது எழும்பி மெல்லிய உதடாக நிற்கும். புதியவர்கள் அதைப் பிசிறு என்று நினைத்து அரத்தால் தேய்த்துவிடுகிறார்கள். அந்த உதடுதான் பின்னர் வெள்ளியின் மேல் மடிந்து இடைவெளியை மூடுவது, அதைத் தொடக்கூடாது. வட்டு உள்ளே இறங்குவதற்குத் தடையாக இருந்தால் தட்டுமுளையால் சற்று வெளிப்பக்கம் சாய்த்துவிட்டால் போதும்.

வெள்ளி வட்டை இன்னொரு முறை மென்மையாக்கி, நடுப்பகுதி மேல்நோக்கிக் கொஞ்சம் குவிந்திருக்குமாறு தட்டிக்கொள்ளவும். குழியைத் தூரிகையால் துடைத்து, ஒரு செம்புத் துகள்கூட இல்லையென்று உறுதிசெய்த பிறகு, அடையாளங்கள் பொருந்துமாறு வட்டை உள்ளே வைக்கவும். முதல் அடிகள் நடுவில் விழ வேண்டும். குவிந்த நடு தட்டையாகும்போது ஓரம் வெளிநோக்கித் தள்ளப்பட்டுக் குடைவுக்குள் நுழையும். ஓரத்தில் தொடங்கினால் நடு புடைத்துக்கொண்டு நிற்கும், அதைப் பிறகு இறக்க முடியாது. நடு அமர்ந்தபின் தட்டுமுளையால் ஓரத்தை எதிரெதிர்ப் புள்ளிகளாகத் தட்டி வந்து, கடைசியாகச் செம்பு உதட்டை வெள்ளியின் சாய்வின் மேல் அமர்த்தவும்.

வெள்ளி முழுமையாகப் பிடிப்பட்டதைக் காது முதலில் அறியும். தொடக்கத்தில் மந்தமாக விழுந்த ஒலி, அடியில் இடைவெளி மூடியதும் அடித்தகட்டின் ஒலியோடு ஒன்றிவிடும். வட்டின் எல்லா இடத்திலும் தட்டிக் கேட்டு, எங்கேனும் ஒலி மாறினால் அங்கே மேலும் சில அடிகள் கொடுக்கவும்.

ஷாகுடோ இலைகளையும் இதே முறையில் பதிக்கலாம். ஆனால் அது வெள்ளியைவிடக் கடினம், பரவுவதும் குறைவு. ஆகவே கீறலிலும் வெட்டிலும் இன்னும் இறுக்கமான பொருத்தம் வேண்டும்.

7. புல்லின் கம்பிகள்

நிலவு முடிந்த பிறகே கம்பிகளைத் தொடங்க வேண்டும். புல்லின் தாள் நிலவின் குறுக்கே செல்லும். கம்பியை முதலில் பதித்தால் நிலவுக்குக் குழி வெட்டும்போது அதை அறுக்க நேரும். இப்போது வெள்ளியையும் செம்பையும் ஒரே பள்ளமாக வெட்டிச் செல்லலாம். இரண்டின் எல்லையைக் கடக்கும்போது மட்டும் சுத்தியல் அடியைக் குறைக்கவும்: செம்பிலிருந்து மென்மையான வெள்ளிக்குள் நுழைந்ததும் உளி திடீரென்று ஆழமாக இறங்கும்.

0.6 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.5 மில்லிமீட்டர் அகலப் பள்ளம் போதும். ஆழமும் ஏறத்தாழ அவ்வளவே. கூர்முனை உளியால் முதலில் முழு நீளத்துக்கும் மெல்லிய வழித்தடம் வெட்டி, இரண்டாம் மூன்றாம் சுற்றில் ஆழப்படுத்துவது, ஒரே சுற்றில் முழு ஆழத்துக்கு வெட்டுவதைவிட நல்லது. வளைவில் கை தடுமாறினாலும் மேலோட்டமான கோட்டைத் திருத்த முடியும். பிறகு இருபக்கச் சுவர்களின் அடியையும் குடைந்து, நிலவுக்குச் செய்தது போலவே உதடுகளை எழுப்பவும்.

கம்பியை அச்சில் இழுத்த பிறகு மென்மையாக்க மறந்தால் அது பள்ளத்தில் அமராமல் துள்ளும். ஒரு முனையைப் பள்ளத்தில் வைத்துத் தட்டுமுளையால் பிடிப்பித்து, சாமணத்தால் கம்பியைச் சற்று இழுத்தபடி முன்னேறவும். முன்கூட்டியே அளந்து வெட்ட வேண்டாம். அடிக்க அடிக்கக் கம்பி நீளும், மறுமுனையை அமர்த்திய பிறகு மிஞ்சியதை வெட்டினால் போதும். புல்நுனி மெலிய வேண்டுமானால் பள்ளத்தையே நுனியில் மெலிதாகவும் ஆழம் குறைவாகவும் வெட்டி, கம்பியின் முனையை அரத்தால் கூராக்கி வைக்கவும்.

இரண்டு தாள்கள் குறுக்கிடும் இடத்தில், பின்னால் இருப்பதாகத் தோன்ற வேண்டிய தாளை முதலில் பதித்து மட்டமாக்கி, அதன் மேலேயே முன்தாளுக்குப் பள்ளம் வெட்டவும். இந்த வரிசையை மாற்றினால் பின்தாள் முன்தாளைத் துண்டித்துவிடும்.

8. மட்டமாக்குதல்

பிசினை இளக்கித் தகட்டை எடுத்து, ஒட்டியிருப்பதை எண்ணெயால் துடைத்து நீக்கவும். முகப்பில் விழுந்த அடிகளால் தகடு அந்தப் பக்கமாகக் குவிந்திருக்கும். முகப்பைத் தடித்த தோலின் மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தில் மரச் சுத்தியலால் தட்டி நேராக்கவும்.

துருத்தி நிற்கும் உலோகத்தை நுண்பல் அரத்தால் இறக்கும்போது, அரத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் வெள்ளி பற்களில் அடைத்துக்கொள்ளாது. அடைத்த துகள் அரத்தோடு இழுபட்டுச் செம்பில் ஆழமான கீறல் போடும். அரம் செம்பைத் தொடத் தொடங்கியதும் நிறுத்தி, மீதியைச் சுரண்டு கத்தியால் எடுக்கவும். தங்கமும் வெள்ளியும் கலந்த அரப்பொடியைத் தாளில் பிடித்துச் சேர்த்துவைப்பது நல்ல பழக்கம்.

இப்போது பரப்பு முழுவதையும் உருப்பெருக்கியில் பார்த்து, எல்லைக் கோட்டில் நகத்தை ஓட்டவும். நகம் தடுக்கினால் அங்கே இடைவெளி உண்டு. தட்டுமுளையால் சுற்றியுள்ள செம்பை அந்தப் பக்கம் நகர்த்தி மூடுவது இந்தக் கட்டத்தில் எளிது. பற்றாசால் அடைக்கும் குறுக்குவழி வேண்டாம். கரைசலில் அது தனி நிறம் காட்டும். சோதனை தேறிய பிறகு நாகாகோ துளையையும் விளிம்பையும் இறுதி அளவுக்கு அரம்போடலாம். உண்மையான அலகில் பொருத்தும்போது துளையின் மேலும் கீழும் செகிகானே என்னும் சிறு செம்புத் துண்டுகளை இருத்தி இறுக்கத்தைச் சரிசெய்வார்கள்.

9. மெருகு

உப்புத்தாளை எப்போதும் தட்டையான மரத்துண்டில் சுற்றியே பயன்படுத்த வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் மென்மையான வெள்ளி கூடுதலாகத் தேய்ந்து, நிலவு கிண்ணம்போல் பள்ளமாகிவிடும். 400, 600, 800, 1200 என்று தண்ணீரோடு ஏறி, ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளுக்குக் குறுக்காகத் தேய்த்து, பழைய கீறல்கள் மறைந்ததைக் கண்ட பிறகே அடுத்ததற்குச் செல்லவும். அதன்பின் ஜப்பானியப் பட்டறைகளில் இதற்கென விற்கப்படும் மரக்கரியை நீரில் நனைத்துத் தேய்ப்பது வழக்கம். கரி பட்டபின் கிடைக்கும் மென்மையான, கண்ணைக் கூசாத பரப்பில் நிறம் ஒரே சீராகப் பிடிக்கும்.

இயந்திரத் துணிச்சக்கரத்தில் மெருகிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது வெள்ளியைச் செம்பின் மேல் இழுத்துப் பூசும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சு நிறமேறிய பிறகு நிலவைச் சுற்றி நரைத்த புகையாகத் தெரியும். மெருகுக் கட்டியின் கொழுப்பும் துளைகளில் தங்கி நிறத்தைத் தடுக்கும்.

10. நிறமேற்றம்

கரைசலுக்குத் தேவையானவை ரோகுஷோ என்னும் செம்புக் களிம்புத் தூள், மயில்துத்தம், காய்ச்சி வடித்த நீர் ஆகியவை. பட்டறைக்குப் பட்டறை அளவு மாறும். லிட்டருக்கு இரண்டிலும் 3 முதல் 4 கிராம் என்று தொடங்கலாம். ரோகுஷோவை ஜப்பானிய உலோகக் கலைப் பொருள் விற்பனையாளர்களிடமிருந்து வாங்க வேண்டியிருக்கும். மயில்துத்தம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் என்றாலும், ஆய்வகத் தரமுள்ளதை வாங்குவது பாதுகாப்பு. குழாய்நீரின் உப்பும் குளோரினும் நிறத்தைக் கெடுக்கும்.

இவை நச்சுப்பொருள்கள். சமையலறைப் பாத்திரத்திலோ சமையலறை அடுப்பிலோ இந்த வேலையைச் செய்யக் கூடாது. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றக் கூடாது.

பாத்திரம் செம்பாகவோ வெப்பம் தாங்கும் கண்ணாடியாகவோ இருக்கட்டும். இரும்பு மட்டும் எந்த வடிவிலும் உள்ளே வரக்கூடாது. இரும்புக் கம்பியோ எஃகுச் சாமணமோ கரைசலைத் தொட்டால் அதன்மேல் செம்பு படியும், கரைசலும் கெடும். தகட்டை நாகாகோ துளை வழியே செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடவும். ஒரே நேரத்தில் இரண்டு பொருள்களைப் போட்டால் அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும்.

வரிசை இதுதான். முதலில் கரைசலைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து நிறுத்தவும். அது தயாரான பிறகே, முன்னதாக அன்று, தகட்டைச் சமையல் சோடாவாலும் மென்தூரிகையாலும் தேய்த்துக் கொழுப்பை நீக்கவும். கழுவிய நீர் முத்துமுத்தாகத் திரளாமல் பரப்பு முழுவதும் ஒரே படலமாக நின்றால் கொழுப்பு போய்விட்டது என்று பொருள். அந்த ஈரத்தோடு, அப்போதுதான் துருவிய ஜப்பானிய வெள்ளை முள்ளங்கிச் சாற்றில் தகட்டை முழுக்கி, சாறு வடிந்து உலர்வதற்குள் நேராகக் கரைசலுக்குள் இறக்கவும். கழுவியதற்கும் கரைசலுக்கும் இடையில் செம்பு காற்றுபட்டுத் திட்டுத்திட்டாக மங்குவதை இந்தச் சாறு தடுக்கிறது. தகட்டைக் கழுவி மேசையில் வைத்துவிட்டு முள்ளங்கி துருவப் போனவரின் வேலையை, அதன் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உள்ளே இறங்கியது முதல் தகட்டை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத இடத்தில் குமிழ் ஒட்டிப் புள்ளி விழும். ஐந்து நிமிடத்தில் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்து, மீண்டும் முள்ளங்கிச் சாற்றில் முழுக்கி உள்ளே விடவும். செம்பு முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு செம்மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு நகரும். ஷாகுடோ கறுப்பதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். தங்கம் மாறாது, தூய வெள்ளி பளபளப்பு குறைந்து வெண்மையாக நிற்கும். நீர் ஆவியாகக் குறைந்தால் சூடான காய்ச்சி வடித்த நீரையே சேர்க்கவும். குளிர்ந்த நீரை ஊற்றினால் நிறமேற்றம் தடைபடும்.

முதல் பத்து நிமிடத்தில் திட்டு தெரிந்தால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். நேரம் ஆக ஆகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதால் பயன் இல்லை. திட்டும் சேர்ந்தே ஆழமாகும். கரியால் தேய்த்து நிறத்தை நீக்கி, கழுவுவதிலிருந்து மீண்டும் தொடங்கவும்.

11. முடித்தலும் பழுதுநீக்கமும்

விரும்பிய நிறம் வந்ததும் நீரில் அலசி, மென்துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து உலர்த்தவும். தகட்டை இளஞ்சூடாக்கி மிக மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் விரல்படும் வியர்வையிலிருந்து நிறம் காக்கப்படும். ஒரு நாள் கடந்த பிறகே அழுத்தித் துடைக்கலாம்.

இறுதியில் தெரியும் குறைகளின் காரணத்தை அவற்றின் இடத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். நிலவின் ஓரத்தில் மட்டும் கறுத்த கோடு என்றால் குடைவு போதவில்லை, அல்லது உதடு தேய்க்கப்பட்டுவிட்டது. நிலவின் நடுவில் தட்டினால் ஓட்டையொலி கேட்கிறதென்றால் தரை மட்டமாக இல்லை. பரப்பெங்கும் சிறு புள்ளிகள் என்றால் மெருகின்போது அரப்பொடியோ எஃகுத் துகளோ செம்பில் புதைந்திருக்கிறது. விரல் வடிவத் திட்டு என்றால், கழுவிய பிறகு யாரோ கையுறை இல்லாமல் தொட்டிருக்கிறார்கள்.

ஓரக் கோடு மெல்லியதாக இருந்தால் நிறத்தை நீக்கி, தகட்டை மறுபடி பிசினில் இருத்தி, செம்புப் பக்கத்திலிருந்து தட்டுமுளையால் மூடி, ஒன்பதாம் படியிலிருந்து தொடரலாம். கோடு நகம் நுழையும் அளவுக்கு இருந்தால் வெள்ளியைத் தோண்டி எடுத்துவிட்டு, சற்றுப் பெரிய புதிய வட்டை வெட்டி, அதற்கேற்பக் குழியைப் பெரிதாக்குவதே குறுகிய வழி. அப்போதும் வட்டையே முதலில் வெட்ட வேண்டும்.